எடுப்புச் சாப்பாடு: பெரியவர்களுக்காக அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சமையலறை வைத்து எழுபது வீடுகளுக்கு எடுப்புச் சாப்பாடு அனுப்புகிறேன். சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் எழுபது வயதைக் கடந்தவர்கள். பணம் கட்டுகிற பிள்ளைகள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் தொலைபேசியில் அவர்கள் கேட்பதும், பகலில் கேரியரை வாங்கிக்கொள்ளும்போது பெரியவர்கள் கேட்பதும் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் மருத்துவரும் இல்லை, உணவியல் படித்தவளும் இல்லை. உணவு பாதுகாப்புப் பயிற்சியில் சொல்லித் தந்ததும், திரும்பி வரும் கேரியர்களைத் திறந்து பார்த்து நானாகத் தெரிந்துகொண்டதும்தான் இதில் உள்ளன.

சாப்பாடு வந்தபின் எவ்வளவு நேரத்துக்குள் சாப்பிட வேண்டும்?

வந்த கையோடு சாப்பிடுவது உத்தமம். ஜபம் முடியவில்லை, தொலைக்காட்சியில் தொடர் முடியவில்லை என்றால் மதியம் ஒன்றரை மணிவரை பொறுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கணக்கு இதுதான். சமைத்த உணவில் கிருமிகள் பெருகுவதற்கு வாகான வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது. சூடு 60-க்குக் கீழே இறங்கியதும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. பொதுவாக இரண்டு மணி நேரம் என்பார்கள். ஆனால் சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். திருச்சி மாவட்டத்தில் 32-க்குக் கீழே இருக்கும் நண்பகல் வருடத்தில் எத்தனை நாள் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் சமையலறையில் சாம்பார் அடுப்பை விட்டு இறங்குவது பத்தே முக்காலுக்கு. கேரியரில் ஊற்றி மூடி, பதினொன்றரைக்கு வண்டிகள் கிளம்பும். கடைசி வீடு பன்னிரண்டு இருபது. வாரத்துக்கு இரண்டு நாள் நான் கம்பி வெப்பமானியை எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் பின்னாலேயே போவேன். சாம்பார் 65-க்குக் கீழே இறங்கியிருந்தால் மறுநாள் வழியை மாற்றுவோம். சாதம் சாம்பாரைவிடச் சீக்கிரம் ஆறும். அதை அடியடுக்கில் அழுத்தி வைப்பதன் காரணம் அதுதான்.

பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை இரவுக்கு வைத்துக்கொள்ளலாமா?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்த ஒரு கேள்விக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு மாமியின் வீட்டிலிருந்து கேரியர் தினமும் துடைத்துவிட்டதுபோல் காலியாகத் திரும்பி வரும். எனக்கு ஒரே பெருமை. ஒரு சித்திரை மாதம் இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்து நள்ளிரவு வரை அவருக்கு வாந்தி. மறுநாள் போய்ப் பார்த்தபோது சாப்பாட்டு மேஜையின்மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணம் தட்டால் மூடியிருந்தது. உள்ளே முந்தின நாள் மதியச் சாதம், மேலே கெட்டியாக ஒட்டிய சாம்பார். மேலே மின்விசிறி சுழல்கிறதாம், அதனால் கெடாதாம். மாமி பழியைப் போட்டது மாவடுவின்மேல். அந்தச் சாம்பார் எழுபது வீடுகளுக்குப் போயிருந்தது. மற்ற அறுபத்தொன்பது பேருக்கும் ஒன்றும் இல்லை.

மதியம் ஒரு பிடி, இரவுக்கு மீதி என்று அவர் ஒரு வருடமாக நடத்திவந்திருக்கிறார். உடம்புக்கு வந்தது அவருடைய சிக்கனத்தால். அந்தச் சிக்கனத்துக்கு இடம் கொடுத்தது என் அளவு. எண்பது வயதுக்காரர் ஒரே வேளையில் சாப்பிட முடியாத சாதத்தை அனுப்பிவிட்டு, ‘எடுத்து வைக்காதீர்கள்’ என்று சொன்னால் யார் கேட்பார்கள்? சாதத்தைக் கொட்டக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை அது. அதற்குப் பிறகு மதியம் முக்கால் அளவு, மாலை ஆறரைக்குத் தனியாகச் சிற்றுண்டி என்று இரண்டு நடையாக மாற்றினேன். வண்டிச் செலவு கூடியது. மாதக் கட்டணமும் கொஞ்சம் கூடியது. நாலைந்து பிள்ளைகள் கோபித்துக்கொண்டு வேறிடம் போனார்கள்.

எடுத்துவைத்தே தீரவேண்டும் என்றால் சாப்பிட உட்காருவதற்கு முன்பே, கை படாமல், சுத்தமான கரண்டியால் பிரித்துவிடுங்கள். அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பினால் சூடு சீக்கிரம் இறங்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். சூடாக வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்று மாலைவரை வெளியில் ஆறவிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழக்கம். வெதுவெதுப்பான சாதத்தை ஹாட்பாக்ஸில் போட்டு மூடுவதும் அப்படியே. ஹாட்பாக்ஸ் சூடாக்காது; இருக்கிற வெதுவெதுப்பைக் கிருமிக்குப் பாதுகாத்துக் கொடுக்கும். இரவில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, நடுவில் ஆவி பறக்கும்வரை சுடவைத்துச் சாப்பிடலாம். மறுபடி மீந்தால் போகட்டும், விட்டுவிடுங்கள்.

நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் செத்துவிடாதா?

கிருமி சாகும். அது உமிழ்ந்து வைத்த நஞ்சு எல்லாச் சமயத்திலும் சாகாது. சாதத்தில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் அரிசி வேகும்போதுகூடத் தப்பிப் பிழைக்கும். சாதம் அறை வெப்பத்தில் கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் ஒரு நஞ்சை வெளியிடும். அந்த நஞ்சுக்குக் கொதிநீர் ஒரு பொருட்டே இல்லை. கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவுக்கு வந்து சேரும் ஸ்டெஃபைலோகாக்கஸின் நஞ்சும் கொதித்தாலும் அடங்காது. எச்சில் கை பட்ட சாதத்தை எடுத்துவைக்காதே என்று பாட்டிமார் சொன்னதற்கு ஆசாரம் தவிரவும் ஒரு காரணம் இருந்திருக்கிறது.

முகர்ந்து பார்த்தாலே ஊசிப்போனது தெரிந்துவிடுமே?

ஊசிப்போனது தெரியும், நூல்விட்டிருந்தால் தெரியும். நஞ்சேறியது தெரியாது. நோய் உண்டாக்கும் கிருமிகள் பல வாசனையையும் ருசியையும் தொடுவதே இல்லை. போதாக்குறைக்கு வயதாக ஆக மூக்கும் மந்தமாகிறது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி, பெருங்காயம் போடவே இல்லை என்று மூன்று நாள் சண்டை பிடித்தார். நான் அளவை மாற்றவில்லை. அவருடைய மூக்குதான் மாறிவிட்டிருந்தது.

நாங்கள் பழையது சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இதற்கெல்லாம் பயப்பட வேண்டுமா?

பழையது வேறு, மீந்துபோன சாதம் வேறு. பழையதில் சாதம் நீருக்குள் மூழ்கி இரவெல்லாம் புளிக்கிறது. அந்தப் புளிப்பு அமிலம் கெட்ட கிருமிகளை ஓரளவு அடக்கிவைக்கிறது. கேரியரில் சாம்பார் பிசைந்து மூடிவைத்த சாதத்தில் அந்தப் புளிப்பும் இல்லை, அந்தக் காவலும் இல்லை.

இன்னொன்று, வளர்ந்தபோது இருந்த வயிறு இப்போது இல்லை. வயிற்றின் அமிலம்தான் உணவோடு வரும் கிருமிக்கு முதல் தடை. வயதில் அது சிலருக்குக் குறைகிறது. நெஞ்செரிச்சலுக்கென்று காலையில் வெறும் வயிற்றில் போடும் பேன்டோபிரசோல் வகை மாத்திரை அதை இன்னும் குறைக்கிறது. எங்கள் எழுபது வீடுகளில் அந்த மாத்திரை இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். வாலிபனுக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கோடு போவது பெரியவருக்கு நீர் வற்றி, ரத்த அழுத்தம் விழுந்து, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் போய் முடியும்.

முந்தின நாள் இரவே சமைத்து வைக்கிறீர்களா?

இல்லை. காய் நறுக்குவது மட்டும் விடியற்காலையில். அடுப்பு மூட்டுவது ஏழு மணிக்கு. பெரிய அண்டாவில் சாம்பார் வைத்துவிட்டு இரவெல்லாம் ஆறவிட்டால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். க்ளாஸ்ட்ரிடியம் என்றொரு வகைக் கிருமிக்கு அந்த அண்டாவின் நடுவயிறுதான் மாமியார் வீடு. வேறு இடத்தில் சாப்பாடு எடுப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். பதினொரு மணிக்கு வரும் சாப்பாட்டை எத்தனை மணிக்குச் சமைத்தார்கள் என்று கேட்டால் பல இடங்களில் மழுப்புவார்கள்.

தினமும் சாம்பார் வருகிறதே, புரதம் போதாதா?

சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. எங்கள் கணக்கில் ஒருவருக்கு 25 கிராம் துவரம் பருப்பு. அதில் புரதம் ஐந்தரை கிராம். விழாப் பந்தியில் ஊற்றும் தண்ணீர்ச் சாம்பாரில் அதில் பாதி இருந்தாலே அதிகம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோ எடை உள்ளவருக்கு 50 கிராம். வயதானவர்களுக்குத் தசை கரைவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம்வரை வேண்டும் என்று முதியோர் மருத்துவத் துறையில் பலர் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 60 கிராமுக்கு மேல் போகிறது. வெங்காயம், பூண்டு, முட்டை எதுவும் புகாத சமையலறையில் இது சாமானிய வேலை இல்லை.

எங்கள் மதியச் சாப்பாட்டில் 100 கிராம் அரிசியின் சாதத்தில் ஏழெட்டு கிராம், சாம்பாரில் ஐந்தரை, 150 மில்லி தயிரில் ஏறக்குறைய ஐந்து, காய்ப் பொரியலான கறியமுதில் இரண்டு. கூட்டினால் இருபது. இதோடு வாரத்தில் மூன்று நாள் பருப்பு உசிலி. முப்பது கிராம் பருப்பை ஊறவைத்து அரைத்து ஆவியில் வேகவைத்து உதிர்த்து, கொத்தவரங்காயோடோ பீன்ஸோடோ சேர்த்தால் இன்னும் ஆறேழு கிராம். புரதத்துக்காக மாவு டப்பா வாங்கி அனுப்பும் பிள்ளைகளிடம் நான் சொல்வது: உங்கள் ஊர் டப்பாவுக்கு முன்னாலேயே இந்த வீதிகளில் உசிலி இருந்திருக்கிறது. மற்ற நாட்களில் சுண்டலோ, பனீர் சேர்த்த கூட்டோ.

சிக்கல் எங்கே என்றால், கேரியர் திரும்பும்போது மிஞ்சியிருப்பது பெரும்பாலும் உசிலியும் கூட்டும்தான். சாதமும் சாற்றமுதும் காலியாகியிருக்கும். (எங்கள் வீதியில் ரசத்துக்குச் சாற்றமுது என்று பெயர்.) பல் இல்லாதவர்களுக்கு உசிலி தொண்டையில் மாவாய் அடைக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்கு அதே பருப்பை மோர்க்குழம்பில் உருண்டையாகப் போட்டு அனுப்புகிறோம். பத்து நிமிடத்தில் ஊறி மெத்தென்று ஆகிவிடுகிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும்; மருத்துவர் சொல்லும் அளவுதான் அளவு.

உப்பில்லாமல் சமைத்துத் தருவீர்களா?

குறைத்துத் தருகிறோம். ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, அதுவே மேல்வரம்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காலை டிபன், மதியம், இரவு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். உப்புக் குறைவு கேட்டவர்களின் அடுக்கில் சாம்பாருக்குப் பாதி உப்பு, கறியமுதுக்கு உப்பே இல்லாமல் எலுமிச்சம்பழமும் மிளகும்.

ஆனால் என்ன சொல்ல? இவ்வளவும் செய்து அனுப்பினால், வீட்டில் அலமாரியைத் திறந்து மாவடு, நார்த்தங்காய், மோர் மிளகாய், அப்பளம் என்று ஒரு படையே இறங்குகிறது. அப்பளம் பொரிப்பதற்கு முன்பே உப்பும் அப்பளக்காரமும் ஏறியது. ஊறுகாயை முழுக்க நிறுத்து என்றால் சாப்பாட்டையே நிறுத்திவிடுவார்கள் என்பதால், ஒரு துண்டு நாரத்தையை நாங்களே அடுக்கின் ஓரத்தில் வைத்துவிடுகிறோம். அது தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று ஒப்பந்தம்.

கடைகளில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், சிலவகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மருத்துவரைக் கேட்டபின் வாங்குங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை. சாதத்துக்குப் பதில் சப்பாத்தி போதுமா?

மூன்று சப்பாத்தியும் ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கும் சாப்பிட்டால் சாதமே தேவலை. நாங்கள் சாதத்தை அளந்த கிண்ணத்தில் வைத்து, காயையும் பருப்பையும் கூட்டுகிறோம். அதைவிட நான் கவலைப்படுவது நேரத்தைப் பற்றி. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும், ‘சாப்பாடு வந்துகொண்டிருக்கிறது’ என்ற நம்பிக்கையில் மருந்தை முன்கூட்டியே எடுத்துவிடக் கூடாது. கேரியர் கைக்கு வந்தபின் எடுங்கள். எங்கள் வண்டி பஞ்சராகும். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் வீதிகளில் கூட்டம் நெரிந்து வண்டியே ஓடாது, கேரியரைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் வருவோம்.

வியர்வை, நடுக்கம், பேச்சு குழறல் என்று வந்து, சோதித்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏகாதசி, அமாவாசை அன்று என்ன செய்வீர்கள்?

சாப்பாடு வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு நிறுத்துவோம். பிள்ளைகளுக்கும் ஒரு குறுஞ்செய்தி போகும், ஏனென்றால் சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு பட்டினி இருப்பவர்கள் உண்டு. விரத நாளில் எந்த மாத்திரையை எப்படி எடுப்பது என்று மருத்துவரிடம் முன்னாலேயே ஒரு சீட்டில் எழுதி வாங்கி, நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அமாவாசை இரவுக்குப் பலகாரம் வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்ல வேண்டும். அரிசி உப்புமாவும் கத்தரிக்காய்க் கொத்சும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறேன். கீரை சாப்பிடலாமா?

வார்ஃபரின், அசிட்ரோம் வகை மாத்திரை என்றால் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. அளவு மாறாமல் இருக்க வேண்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். ஒரு வாரம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு மறுவாரம் தினமும் முருங்கைக்கீரை என்றால் ரத்தப் பரிசோதனைக் கணக்கு ஏறி இறங்கும். எங்களிடம் சொல்லிவைத்தால் செவ்வாய், வெள்ளி என்று நாள் தவறாமல் ஒரே அளவில் வைப்போம்.

சிறுநீரக நோயாளிக்குப் பத்தியச் சாப்பாடு கிடைக்குமா?

மருத்துவமனை உணவியலாளர் எழுதிக் கொடுத்த பட்டியல் இருந்தால் மட்டும். காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுவது, தக்காளியையும் தேங்காயையும் குறைப்பது எல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் எதை எவ்வளவு என்று முடிவு செய்ய எனக்குத் தகுதியில்லை.

அம்மாவுக்குச் சாப்பிடும்போது இருமல் வருகிறது. குழைவாக அனுப்பினால் சரியாகுமா?

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கவாதம், பார்க்கின்சன் வந்தவர்களுக்கு உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போவதன் அடையாளமாக அந்த இருமல் இருக்கலாம். நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

எல்லோரும் இப்படிப்பட்டவர்களுக்குச் சாற்றமுது சாதம்தான் நல்லது என்று நினைக்கிறார்கள். தண்ணீரும் பருக்கையும் கலந்த அந்தப் பதம்தான் விழுங்கச் சிரமமானது. தண்ணீர் முந்திக்கொண்டு ஓடும், பருக்கை வாயிலேயே நிற்கும். பருப்பு நெய் விட்டு மைய மசித்த, கரண்டியைச் சாய்த்தால் கட்டியாக விழுகிற பதம் பலருக்கு எளிது. எந்தப் பதம் என்று விழுங்கும் பயிற்சி தருபவர் சொன்னால் அப்படியே செய்வோம். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கட்டும்.

பிளாஸ்டிக் டப்பாவில் அனுப்பினால் கேரியர் கழுவும் வேலை மிச்சமாகுமே?

எங்களுக்கும் மிச்சம்தான். ஆனால் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் உணவைக் கட்டும் பிளாஸ்டிக் தாள் உட்பட, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பொருட்களுக்குத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் கொதிக்கும் குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டும் வேலையை நான் செய்ய மாட்டேன். செய்தித்தாளில் வடையைப் பொதிவதும் கூடாது. அச்சு மை எண்ணெயில் இறங்கும்.

எவர்சில்வர் கேரியரிலும் ஒரு குறை உண்டு. கையில் மூட்டுவாதம் உள்ளவர்களால் இறுக்கமான மூடியைத் திறக்க முடியாது. ஒரு தாத்தா கத்தி முனையால் நெம்பித் திறப்பதை எங்கள் பையன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். இப்போது அப்படிப்பட்ட பன்னிரண்டு வீடுகளில் பையனே உள்ளே போய் அடுக்குகளைப் பிரித்து மேஜையில் வைத்துவிட்டு வருகிறான். திரும்பி வந்த கேரியரைச் சோப்பிட்டுக் கழுவியபின் வெந்நீரில் முக்கி, கவிழ்த்து உலரவிடுகிறோம். ஈரத்துணியால் துடைப்பதில்லை, அந்தத் துணியைவிட அழுக்கானது சமையலறையில் வேறொன்றும் இருக்காது. மூடியில் ரப்பர் வளையம் உள்ள டப்பாக்களை விட்டுவிட்டோம். வளையத்தைக் கழற்றிப் பார்த்த நாளில் அந்த முடிவு எடுத்தேன்.

வெயில்காலத்தில் என்ன மாறும்?

மார்ச் முதல் மாலைச் சிற்றுண்டியோடு தேங்காய்ச் சட்னி வராது. அரைத்த தேங்காய்தான் முதலில் கெடும். அதற்குப் பதில் பருப்புத் துவையல் அல்லது மிளகாய்ப்பொடி. தயிர் தனிக் கிண்ணத்தில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, சூடான அடுக்குகளோடு சேராமல் வேறு பையில் வரும். வயதானால் தாகம் தெரிவது குறைந்துபோகிறது. அதனால் மேயில் கேட்காமலேயே நீர்மோர் ஒரு புட்டி உண்டு. இதய நோய்க்காகத் தண்ணீரை அளந்து குடிப்பவர்கள் மட்டும் வேண்டாமென்று சொல்லுங்கள்.

உரிமம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இந்திய உணவு பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எண் ஒவ்வொரு சமையலறைக்கும் இருக்க வேண்டும். சிறிய இடமென்றால் பதிவு, பெரிய இடமென்றால் உரிமம். எண்ணை வாங்கி ஆணையத்தின் இணையதளத்தில் போட்டால் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வீட்டில் சமைத்து விற்கும் மாமிக்கும் இது பொருந்தும். அந்த எண் அன்றைய சாம்பாருக்குச் சாட்சி சொல்லாது. உங்கள் அம்மாவுக்கு அந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்றும் சொல்லாது. ஆகவே நேரில் போய்ப் பாருங்கள். பொரித்த எண்ணெயை என்ன செய்கிறீர்கள், சமைப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் விடுப்பு உண்டா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் சாப்பாடு எடுக்க வேண்டாம்.

சாப்பிட்டபின் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால்?

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் கரைத்து (பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர்), ஒவ்வொரு வாயாகக் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தாலோ, பேச்சு தடுமாறினாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ உடனே மருத்துவமனை. நீர் பிரியவும் சர்க்கரைக்கும் எடுக்கும் மாத்திரைகளை அன்று தொடரலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

மிச்ச உணவைக் கொட்டாதீர்கள். மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். மற்ற வீடுகளை விசாரிக்க அந்த அரை மணி நேரம் முக்கியம். எங்கள் பதில் திருப்தியில்லை என்றால் மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். சமையலறை வைத்திருப்பவளே இதைச் சொல்கிறேனே என்று ஆச்சரியப்பட வேண்டாம். மாமியின் மேஜையைப் பார்த்த பிறகு எனக்கு வெட்கம் போய்விட்டது.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

‘சாப்பிட்டாயா அம்மா?’ என்று கேட்டால் ‘ஆச்சு’ என்றுதான் பதில் வரும். அந்த ‘ஆச்சு’வுக்குள் ஒரு கவளமும் இருக்கலாம், ஒரு கேரியரும் இருக்கலாம். கேள்வியை மாற்றுங்கள். இன்று என்ன கறியமுது, உப்புச் சரியாக இருந்ததா, எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் இருந்தால் தெரிந்துவிடும்.

மாதம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்க்கச் சொல்லுங்கள். அறுபது கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் தானாக மூன்று கிலோ இறங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். வயதானால் இளைப்பது சகஜம் என்று விடக் கூடாது. வேட்டி, புடவைக்குள் மூன்று கிலோ வெளியில் தெரியாது. கைக்கடிகாரம் கழன்று விழுவதிலும் மோதிரம் சுற்றுவதிலும் தெரியும்.

நாங்கள் செய்வது ஒன்றுண்டு. திரும்பி வரும் கேரியரைக் கழுவுவதற்கு முன் ஒவ்வொரு அடுக்கிலும் என்ன மிஞ்சியது என்று ஒரு நோட்டில் குறிப்போம்: சாதம் அரை, கூட்டு முழுசு, தயிர் காலி. வாரக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறோம். தொடர்ந்து மூன்று நாள் கேரியர் ஒரு பருக்கை இல்லாமல் காலியாக வந்தால் அதற்கும் ஒரு நட்சத்திரம் போடுவோம். மறுநாள் பையன் போகும்போது சாப்பாட்டு மேஜைமேல் மூடிவைத்த கிண்ணம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவான்.